இங்கே பத்து ரூபாய்க் காசு வாங்கப்படும்

ஜூன் 3, ஞாயிறு

இன்று மதிய ரயிலில் குடியாத்தம் வந்தோம். ஸ்டேஷன் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். அம்மாவின் அண்ணன் பாண்டுரங்கன் மாமா ஆட்டோ பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மாமா வீட்டின் பின்பக்க அறை எங்களுக்கு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அதில் யாரோ கரியால் கிரிக்கெட் ஸ்டம்ப் வரைந்திருக்கிறார்கள்.

அப்பா வரவில்லை. அவர் ஓட்டும் ஷேர் ஆட்டோவுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. காட்ட வேண்டுமாம். அதனால் இப்போது வர முடியாது, காலாண்டுப் பரீட்சை லீவுக்கு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போவார் என்று அம்மா சொன்னாள். அதுவரைக்கும்தான் இந்த ஊர். நாலு மாதத்துக்கு எதற்காக என் டி.சி.யை வாங்கினார்கள் என்று தெரியவில்லை. கேட்டால் அம்மா தலைவலி என்கிறாள்.

கிளம்பும்போது அப்பா ஒரு பெயின்ட் டப்பாவைக் கொடுத்தார். உள்ளே எல்லாம் பத்து ரூபாய்க் காசு. மெட்ராஸில் எங்கள் பெரம்பூரிலிருந்து மூலக்கடைக்கு ஆளுக்குப் பத்து ரூபாய் சவாரி. நோட்டைச் செலவு செய்துவிட்டுக் காசை மட்டும் டப்பாவில் போடுவது அப்பாவின் பழக்கம். "நாலாயிரத்துக்கு மேல இருக்கும் கண்ணு. நான் வர்ற வரைக்கும் ஓட்டிக்கோங்க" என்றார். ரயிலில் டப்பாவை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தொடை மரத்துப்போய்விட்டது.

பெரம்பூரில் இந்நேரம் அப்பா கடைசிச் சவாரி முடித்து பன் பட்டர் ஜாம் வாங்கிக்கொண்டு வருவார். இங்கே ஒன்பது மணிக்கே தெரு அடங்கிவிட்டது.


ஜூன் 5, செவ்வாய்

தெருமுனையில் ஜெகநாதன் அண்ணன் மளிகைக் கடை. நோட்டுப் புத்தகமும் இருக்கிறது. இரண்டு நோட்டு எடுத்துக்கொண்டு காசை நீட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. செத்த கரப்பானைத் தள்ளுவதுபோல் ஸ்கேல் முனையால் என் பக்கம் தள்ளினார்.

"செல்லாதும்மா."

"ஏன் அண்ணா?"

"செல்லாதுன்னா செல்லாது. நோட்டா குடு."

"யார் அண்ணா சொன்னாங்க?"

"ஊரே சொல்லுது. நான் வேற தனியா சொல்லணுமா?"

பக்கத்தில் துவரம்பருப்பு வாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எனக்கு விளக்கினார். "வாட்சப்புல வந்துச்சேம்மா, நீ பாக்கல? பத்துக் கோடு இருந்தா நல்ல காசு. பதினஞ்சு கோடு இருந்தா டூப்ளிகேட்டு."

நான் எண்ணிப் பார்த்தேன். "இதுல பத்துதான் இருக்குங்க."

"அப்ப கோட்டையும் டூப்ளிகேட்டா போட்டிருப்பான்!"

கடையே சிரித்தது. மெட்ராஸில் செல்கிறதே என்றேன். "அப்ப நோட்டையும் மெட்ராஸ்லயே வாங்கியாந்திருக்கணும்" என்றார் ஜெகநாதன் அண்ணன். அதற்கும் சிரித்தார்கள். நோட்டு வாங்காமலே வந்தேன். முகமெல்லாம் சூடாக இருந்தது.


ஜூன் 6, புதன்

பஸ் கண்டக்டரும் வாங்கவில்லை. பள்ளிக்கு நடந்தே போனேன்.


ஜூன் 10, ஞாயிறு

பள்ளியில் நஸ்ரீன் என்ற பெண் எனக்குப் பக்கத்து இடம். அவள் அப்பா இதே தெருவில் பேக்கரி வைத்திருக்கிறார். "உன்னப் பத்திதான் தெருவுல பேச்சு. செல்லாத காச ஒரு டப்பா நெறைய மெட்ராஸ்லேர்ந்து தூக்கியாந்த பொண்ணு நீதானே?" என்றாள். பிறகு தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதி கேக்கைக் கொடுத்தாள்.

நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். எல்லா வடிவப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும், தயங்காமல் வாங்கலாம் என்று ரிசர்வ் வங்கி ஜனவரியிலேயே அறிவித்திருக்கிறது. அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து மாமாவிடம் காட்டினேன். மாமா கண்ணாடி போட்டு முழுதும் படித்தார். "கரெக்டாத்தான் இருக்கு. ஆனா ஜெகநாதன் கடைக்கு வந்து ரிசர்வ் பேங்க்காரன் அரிசி வாங்கப் போறானா?" என்றார்.

அம்மாவும் நானும் டப்பாவோடு வங்கிக்கும் போயிருந்தோம். கவுன்டரில் இருந்தவர் பாவமாகப் பார்த்தார். "செல்லும்மா, தாராளமா செல்லும். ஆனா நாங்க வாங்கி யாருக்குக் குடுக்கிறது? காசா குடுத்தா கஸ்டமர் சண்டைக்கு வர்றாங்க. மாசக் கடைசில கொஞ்சமா கொண்டாங்க."

அத்தையின் பழைய கிரைண்டர் சும்மா கிடக்கிறது. அதில் மாவு அரைத்து விற்கலாம் என்று அம்மா நினைக்கிறாள். அரிசிக்கும் உளுந்துக்கும்தான் முதல் இல்லை. மாமா ஆயிரத்து ஐந்நூறு கொடுத்தார். அம்மா வாங்கிக்கொண்டு வெகுநேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

இரவு அப்பாவிடம் பேசினேன். காசு கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னா ஊருடா அது! கவர்மென்ட் காசையே வாணான்றானா!" அவர் சிரிப்பைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் குக்கர் விசில் அடித்தது. அப்பாவுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. எங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று சமைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது.


ஜூன் 24, ஞாயிறு

மாவுக் கடை தொடங்கிவிட்டது. கடை என்றால் வாசலில் ஒரு மேசை, ஒரு எவர்சில்வர் அண்டா, ஒரு பெரிய கரண்டி. கரண்டி மாவு பத்து ரூபாய். சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை. மாவு நன்றாகப் பொங்கியிருந்தது. ஆனால் பாதி மீந்துவிட்டது. புது ஆட்களிடம் வாங்க யோசிக்கிறார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்:

பத்து ரூபாய் நாணயம் செல்லும். இங்கே வாங்கப்படும்.

'செல்லும்' என்பதைச் சிவப்பில். மேசையின் முன்னால் கட்டினேன். ஊர் ஒரு தப்பைச் சொல்லும்போது ஒருவராவது சரியானதை எழுதிவைக்க வேண்டாமா?

முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் அப்பா என்னை முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். நான் வழியில் வரும் போர்டுகளையெல்லாம் உரக்கப் படித்துக்கொண்டே வருவேன். பிழை இருந்தால் அதையும் சொல்வேன். 'பஞ்சர் ஒட்டப்படும்' என்பதில் ஒரு 'ட்' விட்டிருந்த கடை ஒன்று மூலக்கடைத் திருப்பத்தில் இருந்தது. அங்கே வந்ததும் அப்பா வேண்டுமென்றே வண்டியை மெதுவாக்குவார். "வாத்தியாரம்மா, திருத்துங்க" என்பார். பின்னால் இருக்கிற சவாரியெல்லாம் சிரிக்கும். மழை நாளில் பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டியிருக்கும்போது போர்டு எதுவும் தெரியாது. அப்போது நான் மனப்பாடமாகச் சொல்வேன். இப்போதும் சொல்லிப் பார்த்தேன். மூலக்கடை வரைக்கும் ஒன்றுகூட விடவில்லை.


ஜூன் 27, புதன்

அட்டை வேலை செய்கிறது! ஏழு மணிக்கே மாவு தீர்ந்துவிட்டது. எல்லாரும் காசாகவே கொண்டுவருகிறார்கள். அம்மா இந்த ஊருக்கு வந்து இன்றுதான் பாட்டு முணுமுணுத்தாள்.


ஜூன் 29, வெள்ளி

எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பிள்ளைகளின் உண்டியலை உடைத்துக்கொண்டு வருகிறார்கள். சாமி மாடத்திலிருந்து மஞ்சள் துணியில் முடிந்தது அப்படியே வருகிறது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு தாத்தா வேட்டி மடிப்பிலிருந்து எட்டுக் காசு எடுத்து வைத்து, "எட்டு கரண்டியும் குடும்மா. மாவு புளிச்சாலும் பரவால்ல, காசு போனா சரி" என்றார்.

எல்லாரையும்விட வேடிக்கை ஜெகநாதன் அண்ணன்தான். எட்டு மணிக்கு ஒரு பை நிறையக் காசோடு வந்தார். யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"ரெண்டு தூக்குல ஊத்தும்மா. நாளைக்கும் வர்றன்."

"அண்ணா, இது செல்லாதுன்னீங்களே?"

"எங்க கடையில செல்லாது. உங்க கடையிலதான் செல்லுதே, எழுதியே வச்சிருக்கீங்க!"

அம்மா சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்தாள். நானும் சிரித்தேன்.


ஜூலை 1, ஞாயிறு

சிரித்திருக்கக் கூடாது.

அரிசி தீர்ந்துவிட்டது. உளுந்தும் இல்லை. அம்மாவிடம் இருப்பதெல்லாம் பத்து ரூபாய்க் காசு. பெயின்ட் டப்பா நிறைந்து, ஒரு குடம் பாதி நிறைந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் அரிசி கேட்டால் ஜெகநாதன் அண்ணன் மேலே இருக்கிற காலண்டரைப் பார்த்துக்கொண்டு "செல்லாதும்மா" என்கிறார். அந்தக் காசில் பாதி அவர் கடையிலிருந்து வந்தது!

மாமா வாசலில் நின்று குடத்தை எட்டிப் பார்த்தார். "ஊர்ல இருக்கிற குப்பையெல்லாம் நம்ம வாசல்ல கொட்டிட்டுப் போயிட்டானுங்க. இன்னா அமுதா, பொண்ணு எழுதினா நீ ஒரு தடவ யோசிக்க வேணாமா?"

"அவ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லண்ணா" என்றாள் அம்மா.

ஆனால் தப்பு இருக்கிறது. 'வாங்கப்படும்' என்று எழுதினேன். கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. காசு உள்ளே வர ஒரு வாசலைத் திறந்துவைத்துவிட்டு, வெளியே போக வழி வைக்க மறந்துவிட்டேன்.

அட்டையைக் கழற்றட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"கழட்டிட்டா நாமளும் செல்லாதுன்னு சொன்னமாதிரி ஆயிடும். கட்டிவச்சது இருக்கட்டும். வேற வழி யோசி."

இன்று மாவு இல்லை. அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டோம். அப்பாவை நாலு தடவை அழைத்தும் எடுக்கவில்லை. சவாரியில் இருப்பார்.


ஜூலை 4, புதன்

மாலையில் நஸ்ரீனும் நானும் தெருவில் உள்ள கடைகளுக்கெல்லாம் போனோம். வாங்கப் போகவில்லை, கேட்கப் போனோம்.

நஸ்ரீனுக்குப் பயமே கிடையாது. "அண்ணே, ஸ்கூல்ல ப்ராஜெக்ட்டு. பத்து ரூவா காசு நெஜமாவே செல்லாதா?" என்று பொய்யை வெண்ணெய்போல் தடவினாள்.

காய்கறிக் கடை அக்கா, "யாரு சொன்னது? கவர்மென்ட் காசு. செல்லும். ஆனா வாங்கினா லோடுகாரன் வாங்க மாட்டானே" என்றார். பூக்கடைக்காரர் தனக்கு ஒன்றும் இல்லையென்றும் ஜனங்கள்தான் வாங்க மாட்டார்கள் என்றும் சொன்னார். நஸ்ரீனின் அப்பா பேக்கரியில் பஃப்ஸைத் திருப்பிக்கொண்டே, "எனக்கு டவுட்டே இல்ல பேட்டா. ஆனா மளிகைக் கடையில ஜெகநாதன் வாங்க மாட்டேன்றாரே" என்றார்.

கடைசியில் ஜெகநாதன் அண்ணன் கடைக்கே போனோம். கூட்டமில்லை.

"எனக்குத் தெரியாதா? செல்லும். ஜனங்க வாங்க மாட்டாங்க. நான் இன்னா பண்றது?"

தெரு முழுக்கச் சுற்றிவிட்டோம். காசு செல்லாது என்று நம்புகிற ஓர் ஆளைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கோட்டுக் கணக்குச் சொன்ன அம்மாள்கூட, "அது சும்மா, யாரோ அனுப்பினது" என்றுவிட்டார். எல்லாரும் இன்னொருவர் நம்புவதாக நம்புகிறார்கள்.

எனக்குத் திடீரென்று கோபம் வந்தது. "அண்ணா, அப்ப இனிமே செல்லாதுன்னு சொல்லாதீங்க. 'நான் வாங்க மாட்டேன்'னு சொல்லுங்க" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"அப்ப இதையே சொல்லுங்களேன்."

அவர் ஸ்கேலால் முதுகைச் சொறிந்துகொண்டார். பிறகு, "அதெப்படிம்மா சொல்றது? நான் வாங்க மாட்டேன்னு சொன்னா, நீ யாருடா வாங்காம இருக்கிறதுக்குன்னு சண்டைக்கு வந்துடுவாங்களே" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். 'செல்லாது' என்று சொன்னால் அங்கே சண்டை போட ஆளே இல்லை. மழை பெய்கிறது என்பதுபோல. 'வாங்க மாட்டேன்' என்றால் எதிரே ஓர் ஆள் நிற்கிறார். அவரிடம் ஏன் என்று கேட்கலாம்.


ஜூலை 7, சனி

புது அட்டை. நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டு இப்படி முடித்தேன்:

பத்து ரூபாய்க் காசு வாங்குகிறோம். மீதியையும் பத்து ரூபாய்க் காசாகவே கொடுப்போம். வேண்டாதவர்கள் 'செல்லாது' என்று சொல்ல வேண்டாம். 'நான் வாங்க மாட்டேன்' என்று சொல்லவும்.

அம்மா படித்துவிட்டு, "கடைசி வரி திமிரா இல்ல?" என்றாள். பிறகு அவளே நாலு மூலையிலும் டேப் ஒட்டினாள். மாமாவிடம் இன்னும் ஐந்நூறு கேட்டு, கொஞ்சம் அரிசி வாங்கி மறுபடி அரைத்தோம்.


ஜூலை 8, ஞாயிறு

ஐம்பது ரூபாய் நீட்டி இரண்டு கரண்டி கேட்டவர்களுக்கு மூன்று காசு மீதி கொடுத்தோம். ஒவ்வொருவரும் "செல்…" என்று ஆரம்பிப்பார்கள். என் கை அட்டையைக் காட்டும். படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துக் காட்டினேன்.

டெய்லர் கடை அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, "நான்! வாங்க! மாட்டேன்!" என்று நாடகத்தில் வருவதுபோல் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா அவருக்கு நோட்டாகக் கொடுத்தாள். அவர் நாலு அடி போனார், திரும்பி வந்தார். "குடுங்கக்கா, அந்தக் காசையே குடுங்க. சொல்லிட்டு நோட்ட வாங்கிப் போறதுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

பாதிப் பேர் அந்த வாக்கியத்தைச் சொல்லக் கூச்சப்பட்டே காசை வாங்கிக்கொண்டு போனார்கள். வாங்கினவர்கள் நேராகப் பேக்கரிக்குப் போனார்கள். நஸ்ரீன் அங்கேயும் ஓர் அட்டை கட்டிவிட்டாள். அதில் எழுத்துப் பிழை இருந்தது. நான் திருத்தவில்லை.


ஜூலை 15, ஞாயிறு

அம்மா காசைப் பையில் போட்டுக்கொண்டு ஜெகநாதன் அண்ணன் கடைக்குப் போனாள். நானும் போனேன். பத்துக் கிலோ அரிசி, இரண்டு கிலோ உளுந்து. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். டெய்லர் அண்ணனும் இருந்தார்.

ஜெகநாதன் அண்ணன் பையைப் பார்த்தார். "செல்…"

"அண்ணே!" என்றார் டெய்லர். "எப்படிச் சொல்லணுமோ அப்படிச் சொல்லுங்க."

ஜெகநாதன் அண்ணனுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. "நான் வாங்க மாட்டேன்" என்றார், அடிக்குரலில்.

"ஏன்?" என்றாள் அம்மா. சண்டையாக இல்லை. மணி என்ன என்று கேட்பதுபோல.

"ஏன்னா…" என்றார். "ஏன்னா, இதுல பாதிய நான்தான் உங்க தலையில கட்டினேன். திரும்பி வந்தா இன்னா பண்றதுன்னு பயந்துகினு இருந்தேன். இதோ வந்துடுச்சு."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவரும் சிரித்துவிட்டார். பாதி காசு, பாதி நோட்டு என்று பேசி முடித்தார்கள். அரிசி மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்.


ஆகஸ்ட் 12, ஞாயிறு

எங்கள் தெருவில் பத்து ரூபாய்க் காசு ஓடுகிறது. தெருமுனை தாண்டினால் பழையபடிதான். பஸ்ஸில் இன்னும் வாங்குவதில்லை. ஆனாலும் குடம் காலியாகிவிட்டது. மாமாவின் பணத்தை அம்மா திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது அண்டா வாங்கியிருக்கிறோம்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். இன்றுதான் பேசினார். அட்டையில் எழுதியதை வரி வரியாகச் சொன்னேன். "வாத்தியாரம்மா!" என்றார், பழைய மாதிரி. எனக்குப் பெரம்பூர் வாசனையே வந்துவிட்டது. டீசலும் பன்னும். சீட் நுனியில் உட்கார்ந்து அப்பாவின் தோளில் சாய்ந்தால் சட்டைப் பைக் காசு கன்னத்தில் குத்தும். பாரம் தாங்காமல் அந்தப் பை கிழிந்துகொண்டே இருக்கும். அம்மா தைத்துக்கொண்டே இருப்பாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் குரல், "யாருங்க போன்ல?" என்றது. சவாரிக்கு வந்த யாரோ. அப்பா உடனே வைத்துவிட்டார். வண்டி ஓட்டும்போது பேசக் கூடாதுதான்.

காலாண்டு லீவுக்கு வருவதைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.


ஆகஸ்ட் 26, ஞாயிறு

மாமா அம்மாவிடம், "இன்னுமா அவன் வண்டிக்கு எஃப்.சி. காட்டிக்கினே இருக்கான்?" என்று கேட்டார். நான் உள்ளே வந்ததும் இரண்டு பேரும் கிரைண்டர் பெல்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கிரைண்டர் நன்றாகத்தான் ஓடுகிறது.


செப்டம்பர் 9, ஞாயிறு

அப்பா லீவுக்கு வர முடியாதாம். வண்டியில் கியர் பாக்ஸ் வேலை. அம்மாதான் சொன்னாள். தீபாவளிக்குப் பார்க்கலாமாம்.

மாவு வாங்க வருபவர்களும் அடிக்கடி கேட்கிறார்கள், வீட்டுக்காரர் எப்போது வருகிறார் என்று. "அவரால இப்ப வர முடியலக்கா" என்கிறாள் அம்மா. மேசையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறாள். துடைத்த இடத்தையே துடைக்கிறாள்.

இன்று அதைக் கேட்டதும் மீதிக் காசைத் தப்பாக எண்ணிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று எழுத முடியவில்லை. நாளை அறிவியல் பரீட்சை. படிக்க வேண்டும்.


செப்டம்பர் 16, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை.


செப்டம்பர் 22, சனி

பரீட்சை முடிந்துவிட்டது. நஸ்ரீன் பேக்கரிக்குக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. அம்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டர் சத்தத்தில் நான் பேசுவது கேட்காது. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன்.

மூன்றாவது முறை எடுத்தார். பின்னால் பெரம்பூர் கேட்டது. யாரோ "மூலக்கடை, மூலக்கடை, ஏறு ஏறு" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஒரு நிமிடம் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா கண்ணு, பரீட்ச முடிஞ்சுதா? அப்பாவால வர முடியலடா. வேல…"

"அப்பா, ஒண்ணு கேட்கட்டா? வர முடியாதா, வர மாட்டியா?"

"இன்னாது?"

"ரெண்டுல எதுன்னு சொல்லு. எதுவா இருந்தாலும் அழ மாட்டேன்."

யாரோ ஏறினார்கள். யாரோ சில்லறை கேட்டார்கள். அப்பா வண்டியை ஓரம் கட்டுவது கேட்டது. இன்ஜின் நின்றது.

"வர மாட்டேன் கண்ணு" என்றார்.

படியில் உட்கார்ந்துகொண்டேன். அன்று கேட்ட குக்கர் விசிலும் 'யாருங்க போன்ல?' என்ற குரலும் நினைவுக்கு வந்தன.

"இங்க… வேற மாதிரி ஆயிப்போச்சுடா. நானே எதிர்பாக்கல…"

"ஆயிப்போச்சுன்னு சொல்லாதப்பா. மழையாட்டம் அதுவா பெஞ்சிச்சா? நீ பண்ண."

"ஆமா. நான்தான்" என்றார்.

சரிப்பா என்று வைத்துவிட்டேன். அழ மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அதை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

கிரைண்டர் நின்றதும் கீழே போனேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"யாருகிட்ட பேசின?"

"அப்பாகிட்ட. வர மாட்டாராம்."

"முடியலன்னாரா?"

"இல்லம்மா. மாட்டேன்னார். அவரே சொன்னார்."

அம்மா முழங்கை வரை மாவுக் கையோடு அப்படியே நின்றாள். "எங்கிட்ட ஒரு தடவகூட அப்படிச் சொல்லல" என்றாள். "முடியல முடியலன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு. நானும் அதையேதான் எல்லாருக்கும் சொல்லிக்கினு இருந்தேன். உனக்கும்."

குழாயடியில் கையைக் கழுவினாள். பொறுமையாக, ஒவ்வொரு விரலாக. புடவையில் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்து போனை வாங்கினாள். கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

அம்மா இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. மாமா எழுந்து வந்தார். அத்தை அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடிக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அம்மா திரும்பி வந்து போனைக் கொடுத்தபோது அது இட்லித் தட்டுபோல் சுட்டது.


செப்டம்பர் 24, திங்கள்

லீவு. மத்தியானம் பழையதையெல்லாம் நினைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அப்பா என்னை முன் சீட்டில் தூக்கி உட்காரவைப்பது, போர்டுகள், மழையில் தார்ப்பாய். அவற்றில் எதுவும் பொய்யில்லை. இதை அம்மாவிடம் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். "அது நல்லாத்தான் இருந்துச்சு. நானும் அந்த வண்டியில உக்காந்தவதானே" என்றாள் அம்மா.

சாயங்காலம் கூட்டம் அதிகம். நான் மீதி கொடுத்துக்கொண்டிருந்தேன். காய்கறிக் கடை அக்கா தூக்கை நீட்டியபடி வழக்கம்போலக் கேட்டார்.

"லீவு விட்டாச்சே அமுதா, வீட்டுக்காரர் எப்ப வர்றாரு?"

அம்மா மேசையைத் துடைக்கவில்லை. கரண்டியை அண்டாவில் முக்கினாள்.

"வர மாட்டாருக்கா. உங்களுக்கு எத்தன கரண்டி?"

அந்த அக்கா அம்மாவையே பார்த்தார். பிறகு தூக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார்.

"மூணு ஊத்தும்மா" என்றார். "நெறைய ஊத்து."